'குவிந்தனர்' என்றால் எத்தனை பேர்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சூளை நல்லா சூடேறிடுச்சு சார்" என்று சொன்னால் நம் ஆசிரியர் விடமாட்டார். "எத்தனை டிகிரி?" என்பார். அந்தப் பழக்கத்தோடு பேப்பரைப் பிரித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கோடை விடுமுறை வந்தால் ஊட்டியில் பயணிகள் 'குவிந்தனர்', கூட்டம் 'அலைமோதியது'. மறுவாரமே 'வெறிச்சோடியது'. எத்தனை பேர், எத்தனை வண்டி என்பது பெரும்பாலும் இருக்காது. படிக்கிறவர் மனசில் என்ன பதியும்? "ஊரே போகுது, நாம மட்டும் வீட்டுல உட்கார்ந்திருக்கோமே!" கணக்கு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில், நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது.

இதாவது பரவாயில்லை. குற்றாலச் செய்திதான் எனக்குக் கவலை. 'குளிக்கத் தடை, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்'. தடையும் ஏமாற்றமும் சேர்த்தே அச்சுக் கோத்து வைத்தது போல எப்போதும் ஒன்றாகவே வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் காயும்போதே வந்துவிடும். தடை போடுகிறவர் அதைத்தான் பார்க்கிறார். செய்தியோ, பந்தியில் இலையைப் பிடுங்கிவிட்ட மாதிரி எழுதுகிறது. அதைப் படித்துவிட்டுப் போகிற பையன் காவலரிடம் சண்டைதான் போடுவான். 'மலையில் மழை, அருவியில் ஆபத்து' என்று போட்டால் இடம் ஒன்றும் கூடுதலாகப் பிடிக்காது.

நம்ம பெண்ணாடத்துக்கு வருகிறேன். இங்கே யாரும் குவிவதில்லை. கோயில் என்றாலே ஆன்மிக இணைப்புகளுக்குப் 'பரிகாரத் தலம்'தான். அப்படிப் படித்து வருகிறவர் பிரளயகாலேசுவரருக்கு அர்ச்சனையை முடித்து அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறார். படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்த விமானம், அதனால் வந்த தூங்கானைமாடம் என்ற பெயர், இதையெல்லாம் நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர் என்பதும் வெளியே பலருக்குத் தெரியாது.

தம்பிகளே, கோயிலில் அனுமதி கேட்டு அந்த யானை முதுகை அளந்து, பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள். அடி, அங்குலக் கணக்கோடு. டேப் நான் தருகிறேன்.