கப்பல் நிக்கிற எட்டு மணி நேரம்: கூட்டமில்லாத ஸ்நார்க்ளிங் பீச்சை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

இந்த வாரம் கோடிங் இல்ல, வேலை இல்ல, கடல் மட்டும்தான்.

போன எபிசோடுல கரீபியன் குரூஸ் போனேன்னு ஒரு வரி சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி. "கப்பல் ஒரு தீவுல எட்டு மணி நேரம்தான் நிக்குது. அதுக்குள்ள கூட்டம் இல்லாம, நிம்மதியா மீன் பாக்குற மாதிரி ஒரு பீச்சை எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

பொதுவா பேசினா யாருக்கும் உபயோகம் இருக்காது. அதனால ஒரே ஒரு தீவை எடுத்துப்போம்: செயின்ட் தாமஸ். அமெரிக்க விர்ஜின் தீவுகள்ல ஒண்ணு. 1917ல டென்மார்க் கிட்ட இருந்து 2.5 கோடி டாலர் தங்கம் கொடுத்து அமெரிக்கா வாங்கின இடம். கொடி அமெரிக்கக் கொடி, ஆனா வண்டி ஓடுறது நம்ம ஊர் மாதிரி இடது பக்கம். கரீபியன்ல குரூஸ் கப்பல்கள் அதிகமா வந்து போற துறைமுகங்கள்ல இதுவும் ஒண்ணு. அங்கேயே அமைதியான பீச் கண்டுபிடிக்க முடிஞ்சா மத்த தீவுகள் சுலபம்.

நான் போனது டிசம்பர்ல, அம்மா அப்பாவோட. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அவங்களுக்கு கடல்னா மெரினாவுல முழங்கால் நனையுற வரைக்கும்தான். அப்பாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. அதனால எனக்கு இது நல்ல போட்டோ கிடைக்குமாங்கிற கேள்வி இல்ல. ரெண்டு பேரையும் பத்திரமா கூட்டிட்டுப் போய், பத்திரமா திரும்பக் கொண்டு வரணும்.

முதல்ல ஒரு விஷயம். அமைதியான பீச்னு நாம சொல்றப்போ அதுல ரெண்டு அர்த்தம் கலந்திருக்கு. ஒண்ணு, ஆள் கம்மி. இன்னொண்ணு, தண்ணி அமைதி. இது ரெண்டும் வேற வேற. ஆளே இல்லாத பீச்ல அலை அடிச்சுத் தூக்கலாம். ஏன் ஆள் இல்லைங்கிறதுக்கே சில சமயம் அந்த அலைதான் காரணமா இருக்கும்.

ஆள் கணக்கை வீட்டுல உக்காந்தே போட்டுடலாம். எந்தத் தேதியில எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் வருதுன்னு முன்கூட்டியே அட்டவணை கிடைக்கும். ஒரு பெரிய கப்பல்னா சாதாரணமா மூவாயிரம், நாலாயிரம் பேர். செயின்ட் தாமஸ்ல கப்பல் கட்டுற இடம் ரெண்டு: ஊருக்கு கிழக்கே ஹேவன்சைட், மேற்கே கிரவுன் பே. உங்க கப்பல் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாதான் எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்ண முடியும். நாங்க போன அன்னிக்கு நாலு கப்பல். எங்களோடது கிரவுன் பே.

அடுத்தது தண்ணி. கரீபியன்ல வருஷம் பூரா காத்து பெரும்பாலும் கிழக்குல இருந்துதான் அடிக்கும். அதனால கிழக்கைப் பாத்த பீச்ல தண்ணி கலங்கி ஆடும். மேற்கு, தென்மேற்கைப் பாத்த வளைகுடாவுக்கு தீவே ஒரு சுவர் மாதிரி. குளிர்காலத்துல இன்னொரு விஷயமும் உண்டு. தூரத்துல வடக்கு அட்லாண்டிக்ல புயல் அடிச்சா அதோட அலை ரெண்டு மூணு நாள் கழிச்சு வடக்கு கரைக்கு வந்து சேரும். இங்க வானம் பளிச்சுன்னு இருக்கும், கடல் மட்டும் கோவமா இருக்கும். அதனால டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடக்கு கரைக்குப் போறதா இருந்தா அலை முன்னறிவிப்பைப் பாக்காம கிளம்பாதீங்க.

மூணாவது, சாட்டிலைட் மேப். கரையோரம் வெளிர் நீலமா இருந்தா மணல். கருப்பா திட்டுத் திட்டா இருந்தா பாறை, பவளம் இல்லைன்னா கடற்புல். மீனும் ஆமையும் இருக்கிறது அந்தக் கருப்புத் திட்டுலதான். அது கரையில இருந்து எவ்வளவு தூரம்னு அளந்து பாருங்க. இருபது மீட்டரா, இருநூறு மீட்டராங்கிறது நீச்சல் தெரியாதவங்களுக்கு பெரிய வித்தியாசம்.

இந்த மூணையும் வச்சு வடிகட்டினேன்.

மேகன்ஸ் பே: ரொம்ப அழகு, பிரபலம், வடக்கு பக்கம். அடியில பெரும்பாலும் மணல், குளிக்கலாம், மீன் பாக்குறது கம்மி. கோகி பீச்: கரையை ஒட்டியே மீன் கூட்டம். பக்கத்துலயே கோரல் வேர்ல்டுன்னு ஒரு கடல் பூங்கா. கப்பல் வர்ற நாள்ல மனுஷக் கூட்டமும் அப்படித்தான். சீக்ரெட் ஹார்பர்: தென்கிழக்கு மூலையில ஒதுக்கமான குடா, நல்ல ஸ்நார்க்ளிங். ஆனா கிரவுன் பேல இருந்து ஊரையே குறுக்கே கடந்து போகணும்.

பக்கத்துத் தீவு செயின்ட் ஜான்ல ட்ரங்க் பே இருக்கு. 1956ல உருவான தேசியப் பூங்காவுக்குள்ள, தண்ணிக்கு அடியில பலகை வச்சு சுமார் 200 மீட்டருக்கு ஒரு பாதையே போட்டிருக்காங்க. ஆசையா இருந்துச்சு. ஆனா டாக்சி, அப்புறம் ரெட் ஹூக்ல ஃபெர்ரி, இறங்கினதும் மறுபடி டாக்சி. ஒரு ஃபெர்ரி தப்பினா அன்னைய பிளான் மொத்தமும் ஆடிப்போகும். தனியா போறவங்களுக்கு ஓகே, எங்களுக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்.

மிச்சம் இருந்தது ப்ரூவர்ஸ் பே. தென்மேற்கு பக்கம், ஏர்போர்ட்டுக்கும் விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்துல. கிரவுன் பேல இருந்து கிட்ட. அடியில மணலும் கடற்புல்லும். அந்தப் புல்லை மேய பச்சை ஆமைகள் வரும். உள்ளூர்க்காரங்க வார இறுதியில வர்ற பீச், வாரநாள்ல காலியா இருக்கும். நாங்க போனது செவ்வாய்க்கிழமை.

அமைதிக்கு ஒரு விலை உண்டு. கூட்டம் இல்லைன்னா உதவிக்கும் ஆள் இல்லைன்னு அர்த்தம். கரையில லைஃப் கார்டு இருப்பார்னு நம்பிக் கிளம்பாதீங்க. இல்லைன்னே வச்சு பிளான் பண்ணுங்க. ஹவாய்ல ஸ்நார்க்ளிங் மரணங்களை ஆராய்ஞ்ச ஒரு ஆய்வு இருக்கு. நிறைய பேர் தண்ணியைக் குடிச்சுத் தத்தளிச்சு சாகலைன்னு அது சொல்லுது. குழாய் வழியா மூச்சை இழுக்கிற சிரமத்துலயே நுரையீரல்ல நீர் கோத்துடுது. கையை ஆட்டாம, சத்தம் போடாம மயங்கிடுறாங்க. அதுலயும் சிலர் கால் எட்டுற ஆழத்துல. இதயப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டோம். அப்பாவுக்கு ஸ்நார்க்கல் வேண்டாம்னு சொல்லிட்டார். "அப்போ நான் பைக்கு காவலா?"ன்னு அப்பாவுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. பைக்கு இல்லப்பா, எங்களுக்குக் காவல்னு சொன்னேன். கரையில இருந்து எங்க ரெண்டு தலையையும் கண்ணெடுக்காம பாக்கணும், நான் கையைத் தூக்கினா சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடணும். அவர் அதை செக்யூரிட்டி டியூட்டி மாதிரியே செஞ்சார். போன் பக்கமே போகலை.

அம்மாவுக்கு மூணு ரூல். வெஸ்ட் கழட்டக் கூடாது. நெஞ்சளவு தண்ணிக்கு மேல போகக் கூடாது. மூச்சு வாங்குற மாதிரி இருந்தா நீந்தப் பாக்காம, உடனே எழுந்து நின்னு மாஸ்க்கைக் கழட்டணும். மாஸ்க்கை வீட்டுலயே டெஸ்ட் பண்ணியாச்சு. பட்டையை மாட்டாம முகத்துல வச்சு மூக்கால மூச்சை இழுத்தா அது அப்படியே ஒட்டி நிக்கணும். விழுந்தா அது உங்க முகத்துக்கு இல்ல.

முதல் அரை மணி நேரம் குனிஞ்சு முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள வச்சு மூச்சுப் பழகினோம். நாலு தடவை போதும்னு சொன்னாங்க, நாலு தடவையும் எழுந்து நின்னோம். அவசரப்படுத்தலை. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு மிதந்தாங்க. கொஞ்ச தூரத்துல ஒரு ஆமை. அம்மா படக்குனு எழுந்து, குழாயைத் துப்பிட்டு, "டேய், அது புல்லு மேயுதுடா, நம்ம ஊர் மாடு மாதிரி!"ன்னாங்க. அப்பாவுக்கும் கேக்குற மாதிரி கத்திச் சொன்னாங்க.

ஆமையைத் துரத்தாதீங்க, தொடாதீங்க. அது மூச்சு வாங்க மேல வந்தே ஆகணும், அந்த வழியை மறிக்கக் கூடாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். சன்ஸ்கிரீனும் முக்கியம். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோக்ரைலீன் இருக்கிற சன்ஸ்கிரீனுக்கு 2020 மார்ச்ல இருந்து அங்க தடை. ஜிங்க் ஆக்சைடு இருக்கிறதை வாங்குங்க, இல்லைன்னா முழுக்கை ரேஷ் கார்டு போடுங்க. 2019ல பவளங்களைத் தின்னுற ஒரு நோயை செயின்ட் தாமஸ்ல கண்டுபிடிச்சாங்க. ஏற்கெனவே அடிபட்ட கடல் அது, நாம வேற மிதிக்க வேண்டாம்.

கடைசியா நேரம். செயின்ட் தாமஸ்ல கடிகாரத்தை மாத்துற பழக்கம் கிடையாது. கோடையில மயாமியும் அந்தத் தீவும் ஒரே நேரம். குளிர்காலத்துல தீவு ஒரு மணி நேரம் முன்னாடி. உங்க போன் தானா தீவு நேரத்துக்கு மாறிடும், கப்பல் எந்த நேரத்துல ஓடுதுன்னு கப்பல்ல கேட்டுக்கோங்க. கையில ஒரு சாதா வாட்சை அந்த நேரத்துக்கு வச்சுக்கோங்க. கப்பலே நடத்துற டூர்ல போனா உங்களுக்காகக் காத்திருப்பாங்க. நீங்களா போனா காத்திருக்க மாட்டாங்க.

அமைதியான பீச்ல திரும்பி வர டாக்சி வரிசையா நிக்காது. போறப்பவே டிரைவர்கிட்ட திரும்புற நேரத்தைப் பேசிடுங்க. நாங்க ஏறவேண்டிய நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வண்டியை வரச் சொல்லியிருந்தோம். டாக்சிக் கட்டணம் அரசு நிர்ணயிச்சது, தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு. வண்டிக்கு இல்ல. இன்னொண்ணு, அங்க யார்கிட்ட எது கேட்டாலும் முதல்ல குட் மார்னிங் சொல்லணும். சொல்லாம நேரா ரேட் கேட்டா அது மரியாதைக் குறைவு.

உங்க தீவு வேறயா இருக்கலாம், ஆனா வரிசை இதுதான். கப்பலை எண்ணுங்க, காத்தோட திசையைப் பாருங்க, மேப்ல கருப்புத் திட்டைத் தேடுங்க. அதுக்கப்புறம் கூட வர்றவங்கள்ல யாருக்கு நீச்சல் கம்மியோ அவங்களை வச்சு பீச்சை முடிவு பண்ணுங்க. நல்லா நீந்துறவங்களுக்கு எந்த பீச்சும் பிடிக்கும்.

நீங்க எந்தத் தீவுக்குப் போறீங்க, எந்த மாசம், யாரோடன்னு எழுதி அனுப்புங்க. மேப்பைத் திறந்து வச்சு அடுத்த எபிசோடுல சேர்ந்து பாக்கலாம்.