பத்து நிமிடம் மேசையில்
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மனத்தடையை வெல்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். வைத்தியர் என்றபடியால் கேட்டிருப்பார்கள். அந்தத் தடையில் எட்டு மாதம் கிடந்தவள் நான் என்பது சங்கத்தாருக்குத் தெரியாது.

பட்டமேற்படிப்புப் பரீட்சையில் முதல் முறை தவறினேன். அதன்பின் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. குப்பி விளக்கில் உயர்தரம் படித்தவளுக்கு, மின்விசிறி சுழலும் அறையில் ஒரு பக்கம் வாசிக்க இயலவில்லை. அலுமாரி அடுக்குவேன், பிள்ளையின் சப்பாத்தைத் துடைப்பேன். "நாளைக்குப் பார்ப்பம்" என்றதும் நெஞ்சு இலேசாகும். அந்த இலேசுதான் வினை. ஒதுக்கி வைத்தால் ஆறுதல் கிடைக்கும் என்று மூளை பழகிவிடுகிறது. மறுநாள் அதே வேலை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. சோம்பேறி என்று என்னை நானே ஏசினேன். ஏச ஏச இன்னும் ஒதுங்கினேன்.

அந்த நாட்களில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஆளைத் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கருவாடு போடுகிறவர். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. இரண்டு வருடமாக வாடிப் பக்கமே அவர் போகவில்லை. முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் ஆளை இப்படியே முடக்கும். நீங்களும் இதை மறக்க வேண்டாம். அவருக்கு இரண்டும் இல்லை. மனச்சோர்வு. மருந்தோடு ஒரு சின்ன வேலையும் கொடுத்தோம்: பக்கத்து வீட்டுப் பெண் காலையில் கரைக்குப் போகும்போது கூடப் போய் நிற்க வேண்டும். மீனைத் தொடத் தேவையில்லை.

மூன்றாம் கிழமை வந்து சொன்னார்: "அவள் கட்டாவைக் கீறின வடிவைப் பார்த்துக்கொண்டு நிக்கேலாமல் கத்தியை வாங்கிப்போட்டன் டொக்டர்."

இது என் கண்டுபிடிப்பு அல்ல. செயலிலிருந்து ஒதுங்க ஒதுங்கச் சந்தோசம் தரும் அனுபவங்கள் குறைந்து சோர்வு கூடும் என்று 1970களிலேயே பீற்றர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கினார். விருப்பம் வரட்டும் என்று காத்திராமல் சிறிதாகத் தொடங்கவைக்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் இல்லாமல் அந்த அம்மா கரைக்குப் போயிருக்க மாட்டார். போரில் தனியாட்களோடு குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டன என்று யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதிவந்தது எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் மடுவுக்கும் புத்தளத்துக்கும் இராமேஸ்வரத்துக்குமாகச் சிதறிய வகுப்பு எங்களுடையது.

அந்த அம்மா போனபின் எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நான் குடிக்கவில்லையே! லண்டனில் இருக்கும் என் வகுப்புத் தோழிக்கு அழைத்தேன். அவளும் கணக்கியல் பரீட்சையைப் பாதியில் விட்டிருந்தாள். நாள்தோறும் இருவரும் தொலைபேசியைத் திறந்து வைத்து, கதைக்காமல், பத்து நிமிடம் மேசையில் இருப்பது என்று பேசிக்கொண்டோம். முதல் நாள் பழைய வினாத்தாளிலிருந்து ஒரேயொரு வினாவைக் கொப்பியில் எழுதினேன். விடை எழுதவில்லை. நித்திரை கெட்ட நாட்களில் அதுவும் நடக்கவில்லை. ஐந்தாம் கிழமை பத்து நிமிடம் ஒரு மணித்தியாலமானது.

இரண்டாம் முறை சித்தியடைந்தேன். அவள் இன்னும் கணக்கியல் முடிக்கவில்லை. தொலைபேசியை மட்டும் தவறாமல் எடுக்கிறாள்.

ஒன்றை மட்டும் பத்து நிமிடத்துக்கு விடவேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாவிட்டாலோ, சாகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ, வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பின்பக்க வேப்பமரத்தடியில் இருப்பேன். கதைக்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.