குடிக்கூலி ஈகையன்று



2024 சூலை 30 விடியுமுன், வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுள் புதைந்தன. சூரல் என்பது பிரம்பு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் மேப்பாடிப் பள்ளிகளில் ஒண்டினர். பள்ளிகளை மீண்டும் திறக்க வேண்டும். அவர்கள் எங்கே போவது?

குடும்பத்துக்குத் திங்கள்தோறும் 6,000 உருபா குடிக்கூலி என்று கேரள அரசு அறிவித்தது. உறவினர் வீட்டில் தங்குவோர்க்கும் அத்தொகை உண்டு என்றது. அடைக்கலம் தந்த உறவினனும் ஏழையே என்றுணர்ந்த நல்ல முடிவு அது!

ஆனால், ஆள்வோர் இதனை ‘உதவி’ என்கின்றனர். மக்களிடம் வரி பெற்ற அரசு, வீடிழந்த மக்களுக்குத் தருவது உதவியா, கடமையா? உதவி என்றால் நிறுத்தலாம்; காலந்தாழ்த்தலாம். வீட்டுக்காரரோ முன்பணம் கேட்பார். திங்கள் பிறந்ததும் கூலி கேட்பார். கோப்பு நகரும்வரை அவர் காத்திரார். ஒரு திங்கள் தவறினால், மலை தள்ளிய குடும்பத்தை மாந்தரும் தள்ளுவர். தோட்டத்துப் பாடிகளில் வாழ்ந்தவர் நிலை இன்னும் கொடிது. அவர்க்கு வேலையும் கூரையும் ஒன்றாகவே போயின. கூரைக்குத் தொகை வந்தாலும் உலைக்கு அரிசி ஏது?

கல்பற்றை எல்சுடன் தோட்டத்தில் புதுக் குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டியது 2025 மார்ச்சு 27இல். இடையே எட்டுத் திங்கள்! அடிக்கல்லின்மேல் யார் படுத்துறங்குவது?

வீட்டுத் திறவுகோல் கைக்கு வரும்வரை, திங்களின் முதல் நாளிலேயே, கேளாமலே குடிக்கூலி சேரல் வேண்டும். முன்பணத்தையும் அரசே கட்டல் வேண்டும்.