மழையில் நின்ற கார்

தாணேயில் மழை வலுத்தால் சாலையோரம் கார்கள் நின்றுவிடுகின்றன. பெட்ரோல் இன்ஜின் ஓடக் காற்று, எரிபொருள், தீப்பொறி மூன்றும் வேண்டும். ஸ்டார்ட் ஆகத் திணறி, ஆனதும் அணைந்தால் ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் பாருங்கள். பழைய பிரீமியர் பத்மினி காரில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் உள்ள ஈரத்தைத் துடைத்தாலே பல நேரம் வண்டி கிளம்பிவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார் அப்படியல்ல. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஏராளமான கார்கள் மூழ்கின. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்திச் சுருக்க முடியாது. அதனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஆகவே தண்ணீரில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் இறங்கி மேடான இடத்துக்குப் போங்கள். காரை மெக்கானிக் பார்க்கட்டும்.