மிதிவண்டியோர் வணக்கம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பையும் ஒற்றுமையின் தேவையையும் பற்றி அறிஞர் பலர் இம்மேடையில் பேசிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியது. இரண்டு மிதிவண்டிகள் எதிரெதிரே வருகின்றன. மேலே இருப்போர் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக் கடக்கின்றனர். அதற்கென ஒரு முறை உண்டு. அம்முறையைப் பற்றியதே இன்றைய பேச்சு. இதற்கும் ஒரு சொற்பொழிவா என்று இளைஞர் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. புரியட்டும். சாலையில் ஒரு வணக்கத்திற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

மிதிவண்டியில் செல்வோருக்கு இரு கைகளையும் கூப்ப இயலாது. கூப்பினால் வாய்க்காலில்தான் விழ வேண்டும். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், எதிரே வருபவர் நம் வலப்புறத்தில் கடக்கிறார். ஆதலின் வலக்கையைச் சிறிது உயர்த்துவதே இயல்பான வணக்கம் ஆயிற்று. பின்னால் கேரியரில் நெல் மூட்டை இருந்தாலும், முன்னால் பாரில் பிள்ளை அமர்ந்திருந்தாலும் கையை எடுக்கலாகாது. அப்போது தலையசைப்பே முழு வணக்கம். மேட்டில் மூச்சிரைக்க ஏறி வருபவரிடம் மறுமொழி எதிர்பார்ப்பது தகாது. இறக்கத்தில் வருபவருக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது. அவரே முந்திக்கொள்ள வேண்டும். எதிர்காற்றில் வருபவருக்கும் இதே சலுகை உண்டு. முன்னே செல்பவரைத் தாண்டும்போது ஒரு முறை மணியடித்து, பக்கத்தில் வந்ததும் ஒரு சொல் சொல்லிப் போவது அழகு. ஓயாமல் மணியடிப்பது வணக்கம் ஆகாது, விரட்டல் ஆகும்.

மோட்டார் சைக்கிளில் செல்லும் தம்பிமார்களுக்கு வலக்கையில் விசை இருக்கிறது. அதை விட்டால் வண்டி தளரும். அவர்கள் தலையசைத்தால் போதும். பிரான்சு நாட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகள் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல வலக்காலை நீட்டிக் காட்டுவார்களாம். நம் ஊரில் அதைச் செய்து பார்க்க வேண்டா. வேறு பொருள் கொள்வார்கள்.

இம்முறைகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? இவற்றுள் எதிலும் எவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. இருவரும் ஒரே உயரத்தில் இருக்கிறார்கள். இருவரும் தத்தம் வழியே போகிறார்கள். ஏழையின் வண்டியும் செல்வரின் வண்டியும் எதிர்ப்படும்போதும் கண்ணும் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. மாட்டு வண்டியிலும் குதிரையிலும் இது நிகழ்ந்ததில்லை. ஒருவர் மேலே, மற்றவர் கீழே. இந்தச் சமமட்டம்தான் நம்மவர்க்குப் பல ஊர்களில் மறுக்கப்பட்டது.

முன்னாளில் மிதிவண்டிக்கு வரி கட்ட வேண்டும். வரி கட்டியவருக்கு ஓர் உலோக வில்லை கொடுப்பார்கள். அதை வண்டியில் மாட்டிக்கொள்வோம். நம்மவர் கட்டிய வரியும் மற்றவர் கட்டிய வரியும் ஒன்றே. வில்லையும் ஒன்றே. சாலை மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. சேரியிலிருந்து புறப்பட்டு ஊர்த்தெருவின் முனை வந்ததும் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரு முடியும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். ஊர்தி இருந்தும் கால்நடையாகப் போன கொடுமை அது. வழி கேட்டு மணியடித்தால் அதற்குப் பெயர் திமிர். அங்கே சொல்லப்பட்ட வணக்கத்திற்கு மறுவணக்கம் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் செல்வதை வணக்கம் என்று சொல்லலாமா? கப்பம் என்று சொல்வதே பொருந்தும்.

ஊர்திக்கும் மானத்திற்கும் உள்ள இந்தப் பகை மிதிவண்டியோடு தொடங்கியதன்று. திருவிதாங்கூரில் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, நம்மவர் கால் வைக்கலாகாது என்று மறிக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். 1929-இல் பம்பாய் அரசின் விசாரணைக் குழு உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் சாலிஸ்கான் என்னும் ஊரில் இறங்கியபோது, அவரை ஏற்றிச் செல்வது தமக்கு இழிவு என்று குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். பாலத்தின்மேல் சக்கரம் சிக்கி அண்ணல் கல்தரையில் வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டர் பட்டம் பெற்ற பின்னர் நடந்தது இது. அவரே எழுதி வைத்திருக்கிறார். மாணவர்கள் படிக்க வேண்டும்.

சட்டம் வந்த வேகத்தையும் பாருங்கள். பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடந்து செல்லலாம் என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். பட்டியல் சாதியார், பழங்குடியினர் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஏறிச் செல்வதைத் தடுப்பது வன்கொடுமைக் குற்றம் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில். அது 2016 சனவரி 26 முதல் நடப்புக்கு வந்தது. நடப்பதற்கு 1924, மிதிப்பதற்கு 2015. இடையே தொண்ணூற்றோர் ஆண்டுகள். இல்லாத குற்றத்திற்கு எவரும் சட்டப்பிரிவு எழுதுவதில்லை.

ஆனால் வண்டி ஏறிய கால் சட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் பழகினார்கள். 1992 மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலிக்க நகருக்குள் வந்தார்கள். எந்தப் பெண்ணையும் தலை நிமிர்ந்து பார்க்காதே என்று சொன்ன தெருக்களில் அன்று பெண்கள் ஒருவருக்கொருவர் மணியடித்து வணக்கம் சொன்னார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது. பின்னர் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மேல்நிலை மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கி, பிறகு எல்லா மாணவர்க்கும் விரித்தது. இன்று பள்ளி விடும் நேரத்தில் சாலையில் நின்று பாருங்கள். ஒரே நிறத்து வண்டிகள். எது எந்தத் தெருவுக்குப் போகிறது என்று வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கே இளைஞர் சிலர் கேட்கிறார்கள்: இறங்குவதே அடிமைத்தனம் என்றால், ஆசிரியரைக் கண்டு இறங்குவதும் அடிமைத்தனம்தானே? கேள்வி நன்று. நம் விடை வேறு. இறங்காமல் போனால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். நல்லாசிரியர் எனில் ஒன்றும் ஆகாது. இறங்கினாலும், ‘நேரமாகிறது, ஏறிப் போ’ என்பார். சவ ஊர்வலம் எதிர்ப்பட்டால் எல்லாரும் இறங்கி ஓரமாக நிற்கிறார்கள். நம் வீட்டுச் சாவுக்கும் இறங்குகிறவர் எவரோ, அவர் வீட்டுச் சாவுக்கு நாமும் இறங்குவோம். நின்று பேச விரும்பும் முதியவருக்காக இறங்குவதும் அன்பே. இறங்காவிட்டால் அடி விழும், வண்டி பறிபோகும், வேலை போகும் என்றால் அங்கே மரியாதை என்னும் பேச்சுக்கே இடமில்லை. இறங்க வேண்டா, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். சங்கத்தார் உடன் வருவார்கள்.

இன்னொரு துன்பமும் மாணவர்க்கு உண்டு. கல்லூரிச் சாலையில் கையுயர்த்திச் சிரித்த தோழன், ஊர் எல்லைக்குள் வந்ததும் வேறு பக்கம் பார்க்கிறான். அவன் அப்பாவோ மாமாவோ திண்ணையில் இருப்பார். நாளும் கையுயர்த்தி அவனைச் சோதிக்க வேண்டா. வணக்கத்தைப் பிச்சையாகக் கேட்கவும் வேண்டா. மறுநாள் கல்லூரிச் சாலையில் அவனைக் கண்டால், ‘நேற்று ஏன் பார்க்கவில்லை?’ என்று தோழமையோடு நேரே கேளுங்கள். கேட்கப்பட்டவன் சிலவேளை திருந்துகிறான். கேட்கப்படாதவன் திருந்த வழியே இல்லை.

இனிச் சொல்லப்போவது கசக்கும். விடியற்காலையில் நகரத்துக்கு மிதிவண்டியில் போகிறவர் யார்? துடைப்பத்தையும் வாளியையும் கேரியரில் கட்டிக்கொண்டு துப்புரவுப் பணிக்குச் செல்லும் நம் பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் அத்தைமார்களும். இச்சங்கத்தின் உண்டியலில் முதலில் காசு போட்டவர்கள் அவர்கள். அதே சாலையில் சலவைச் சட்டை அணிந்து அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ செல்லும் நம் பிள்ளைகள் சிலர், உடன் வரும் நண்பர் அறிந்துவிடுவாரோ என்று அஞ்சி, அவர்களைக் காணாததுபோல் கடக்கிறார்கள். ஊரார் நம்மைப் பார்த்தும் பாராமல் போன காலத்தில் நாம் பட்ட நோவு, நம் வீட்டுப் பிள்ளை பாராமல் போகும்போது எத்தனை மடங்கு என்று அம்முதியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள். பிள்ளைக்கு வேலையில் இடைஞ்சல் வரக்கூடாது என்று தாமே முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதிப்பார்கள். அப்படித் திருப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். அவர் திருப்பிக்கொள்ளுமுன் நீங்கள் ‘வணக்கம் பெரியப்பா’ என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். உடன் வரும் நண்பர் கேட்டால் உறவு முறையைச் சொல்லுங்கள். சங்கம் கொடுத்த படிப்பில் அதற்கான துணிவும் சேர்ந்தே இருக்கிறது.

இரவுப் பயணத்தைப் பற்றி ஒன்று. டைனமோ விளக்கு, வண்டி ஓடினால் எரியும், நின்றால் அணையும். இருட்டில் முகம் தெரியாது, குரல்தான் வணக்கம். ‘யாரது?’ என்று கேட்டால், எந்தத் தெரு, யார் மகன் என்று தெரிந்துகொள்ளவே முன்பெல்லாம் கேட்டார்கள். நம்மவரும் அதையே விடையாகச் சொல்லிப் பழகினார்கள். மாலை வகுப்பு முடிந்து செல்லும் மாணவர்களும் மாணவிகளும் இனித் தம் பெயரைச் சொல்லி, ‘வணக்கம், நீங்கள் யார்?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டு, விளக்கு அணையாதபடி மிதித்துக்கொண்டே போகலாம்.