'சைவம் மட்டும்' என்று எழுதியவன் பேசுகிறேன்



பன்னிரண்டு ஆண்டுகள் விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதியவன் நான். ஒருமுறை, அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரத்தின் அடியில் 'சைவ உணவினருக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அது யாரை உள்ளே விடாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சேரியில் பிறந்த எனக்கு இன்னும் நன்றாகவே தெரியும். ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். கடன் தவணை கட்ட வேண்டியிருந்தது. சாதியின் பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொல்லும் வேலைக்குச் சம்பளம் வாங்கினேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை ஒரு தாளை நீட்டினார். "படிச்ச புள்ள, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுப்பா." ஊர்த்தெருவில் வண்டியை நிறுத்தாமல் போனதற்காக, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அவர் மகனை அடித்திருக்கிறார்கள். அத்தை முதல் தகவல் அறிக்கை என்று நம்பிப் பத்திரமாக வைத்திருந்தது, வெறும் மனு ரசீது. அதில் இருந்தது 'வாய்த்தகராறு' என்ற ஒரே சொல். எனக்குச் சுருக்கென்றது. அது என் தொழில்தான். நான் செய்ததைத்தான் அங்கே ஒருவர் செய்திருந்தார்.

வழக்கறிஞர் தோழர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு தெளிவாகவே சொல்கிறது: வாய்மொழியாகக் கொடுத்த புகாரை எழுதிய பின், கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும், நகல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு மறுபடியும் போனோம். வழக்குப் பதிவானது. இன்னும் நடக்கிறது.

பிறகுதான் ஞாயிறு மாலை வகுப்பைத் தொடங்கினேன். முதல் நாள் புரொஜெக்டரோடு போய் நின்றேன். பெண்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வாரம் வெறுங்கையோடு போனேன். "வீட்டில் உள்ள தாள்களைக் கொண்டு வாருங்கள்" என்றேன். சாதிச் சான்று, நூறு நாள் வேலை அட்டை, உதவித்தொகைப் படிவம் எல்லாம் வந்தன. சேர்ந்து படித்தோம். பத்தாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டாள்: "வாய்த்தகராறுன்னா, கையால அடிச்சது எங்கண்ணா போச்சு?" பன்னிரண்டு ஆண்டுத் தொழிலில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நம் மக்களுக்குக் குரல் இல்லை என்பார்கள். அத்தை எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னார். எழுதிய கைதான் மாற்றியது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதையும், 1920இல் அண்ணல் 'மூக்நாயக்' தொடங்கியதையும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நாம் சொல்வதை நாமே எழுத வேண்டும்.

வேலையை விடச் சொல்லவில்லை, தோழர்களே. வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். உங்கள் தெருவில் யாரிடமாவது படிக்கப்படாத தாள் ஒன்று இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

ஜெய்பீம்.