பார்வதியா? சந்திரமுகியா?



தேவதாஸ் படக்கதையைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்ன அவசியம் என்று சிலர் நினைக்கக்கூடும். அவசியம் இருக்கின்றது. புராணங்களைப் போலவே இந்தக் கதையும் மக்கள் மனதில் புகுந்துகொண்டு, பெண் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பாடம் சொல்லி வருகின்றது. சரத் சந்திரர் வங்காளியில் எழுதி 1917-ல் வெளிவந்த இந்நாவலை, 1935-ல் பரூவா என்பவர் பேசும் படமாக்கினார். 1953-ல் நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்துத் தமிழில் வந்தது. 1955-ல் பிமல்ராய் இந்தியில் எடுத்தார். படம் பார்த்தவர்கள் அன்றுமுதல் இன்றுவரை ஒரே தர்க்கம் செய்கின்றார்கள். தேவதாசுக்கு ஏற்றவள் பார்வதியா, சந்திரமுகியா என்பதே அது.

தோழர்களே! நான் கேட்பது வேறு. இந்த இருவரில் யாருக்காவது அந்தத் தேவதாஸ் ஏற்றவனா? இதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பானே தவிர, மாட்டுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பானா? அந்தப் புத்திதான் இங்கும்!

அவன் யோக்கியதையைப் பாருங்கள். பார்வதி ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாமல் நடுராத்திரியில் அவன் அறைக்கே போய்த் தன் மனதைச் சொன்னாள். அவனோ தகப்பனார் மறுத்தவுடன் கல்கத்தாவுக்குப் போய், உன்மீது எனக்கு அப்படியொன்றும் ஆசையில்லை என்ற கருத்தில் கடிதம் எழுதினான். பிறகு மனம் மாறித் திரும்பி வந்தான். அவள் மானத்தோடு பதில் சொன்னாள். உடனே தூண்டில் கழியால் அவள் முகத்தில் அடித்தான். அந்தத் தழும்பைக் காதல் சின்னம் என்று ரசிக்கின்றார்களே, இதைவிட அக்கிரமம் உண்டா?

கலியாணம் ஏன் நின்றது? இரண்டு குடும்பமும் பார்ப்பனக் குடும்பம், அடுத்தடுத்த வீடு. ஆனால் பார்வதி வீட்டார் பெண்ணுக்குப் பணம் வாங்கும் வழக்கமுடையவர்களாம். அதனால் ஒரு படி மட்டமாம். ஒரே ஜாதிக்குள்ளேயே இத்தனை படி! கடைசியில் அவளை, பெரிய பிள்ளைகளையுடைய, மனைவியிழந்த ஒரு ஜமீன்தாருக்குக் கட்டி வைத்தார்கள். இதைச் செய்தது விதியா? ஜாதித் திமிரும் பெற்றோர் அதிகாரமுமல்லவா?

சந்திரமுகி சங்கதி என்ன? அவள் வீட்டுக்குப் போய்க் குடித்தவன் உத்தமனாம். அவள் மட்டும் பாவியாம். அவள் தொழிலைவிட்டு, அவனைத் தேடி அலைந்து, நோயில் பணிவிடை செய்தாள். அதற்கு நாவலில் அவன் கொடுக்கும் கூலி, செத்த பிறகு சந்திப்பு உண்டானால் உன்னை விட்டு விலக மாட்டேன் என்பது! உயிரோடு கொடுக்க முடியாததைச் செத்த பிறகு தருவதாகச் சொல்வது மோட்ச வியாபாரிகளின் தந்திரமல்லவா?

பிமல்ராய் படத்தில் சந்திரமுகியாக நடித்த வைஜெயந்திமாலாவுக்குத் துணை நடிகையென்று பிலிம்பேர் பரிசு கொடுத்தார்கள். தன் வேஷம் பார்வதி வேஷத்துக்கு இளைத்ததல்லவென்று அவர் வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சுயமரியாதையை ஆசிரியர் சந்திரமுகிக்குக் கொடுத்திருந்தால், அவள் தேவதாசை வாசலோடு அனுப்பியிருப்பாள்.

பார்வதிக்கு இல்லாதது அழகா, அறிவா? உரிமைதான் இல்லை. சடங்குப்படி கலியாணமான வங்காளத்து இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை 1955-ல் வந்த இந்து விவாகச் சட்டத்தால்தான் கிடைத்தது. நம் நாட்டில், பெண்ணுக்கு ஆணைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று 1929-லேயே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானித்தோம். பிதுரார்ஜிதத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்குச் சட்டமாக 1989 வரை, அதாவது 60 வருஷம் பிடித்தது! சட்டம் வந்தும் என்ன? ஜாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்ற மகளையே கொல்லும் பாதகம் இன்றும் நடக்கின்றதே!

ஆதலால் தோழர்களே! படத்தைப் பார்த்து அழவேண்டாமென்று நான் சொல்லவில்லை. அழுது முடித்து வீட்டுக்குப் போனதும், உங்கள் மகளைக் கூப்பிட்டு, "உனக்கு யாரைப் பிடித்திருக்கிறது? யாரையும் பிடிக்கவில்லையா? படிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை நிறைவேற்றுங்கள். அவளுக்குரிய பங்கை எழுதி வையுங்கள். அப்படிச் செய்கிற வீட்டில் பார்வதியும் இருக்கமாட்டாள், சந்திரமுகியும் இருக்கமாட்டாள், தேவதாசுக்கு வேலையே இராது.